வைத்தியர், இன்ஷூரன்ஸ், நோயாளி

நோய் கண்டபின் கடன் தேடி அலைவதைவிட, முன்னதாகவே பலரும் சிறுகச் சேர்த்து வைப்பது மேல் என்பது கூட்டுறவாளர் யாவரும் அறிந்த உண்மை. சுகாதார இன்ஷூரன்ஸின் தத்துவமும் இதுவே. ஆயினும் தவறாது பிரீமியம் செலுத்தியவரிடமே ஆஸ்பத்திரியில் முன்பணம் கேட்பது உண்டு. இதற்குக் காரணம் என்ன?

சிகிச்சை அளிப்பவர் வைத்தியர். பணம் கொடுப்பது கம்பெனி. கம்பெனி முன் அனுமதி கோருகிறது. சிகிச்சைக்கு இவ்வளவு என்று தொகை நிர்ணயிக்கிறது. பத்திரங்களைப் பரிசீலித்த பின்னரே பணம் அனுப்புகிறது. பொய்க் கணக்குகளும் அனாவசியச் சிகிச்சைகளும் உண்டாதலால் பரிசீலனை தேவையே. ஆனால் பசுந்தேயிலையை எடைபோட்டுக் கொடுத்துவிட்டு விலைக்குக் காத்திருக்கும் விவசாயிக்கு வைத்தியரின் சங்கடம் எளிதில் விளங்கும். பணம் தாமதித்தால் சிறு ஆஸ்பத்திரி மருந்து வாங்கவும் சம்பளம் கொடுக்கவும் திண்டாடும். முடிவில் திட்டத்தை விட்டே விலகலாம். அவ்வாறு மலைநாட்டில் ஓர் ஆஸ்பத்திரி விலகினால், நோயாளி கோயமுத்தூருக்கு மலையிறங்க நேரிடும். சிலர் போகாமலே இருந்துவிடுவர்.

நமது மாவட்டத்துக் கூடலூர் இதற்கு நல்வழி காட்டியது. 1990ஆம் ஆண்டில் அங்கு 'அஷ்வினி' நிறுவனத்தின் ஆதிவாசி ஆஸ்பத்திரி தொடங்கப்பெற்றது. 1992 முதல் ஆதிவாசி முன்னேற்றச் சங்க அங்கத்தினர்களான பணியர், பெட்டக்குறும்பர், முள்ளுக்குறும்பர் முதலானோர் ஆண்டுதோறும் சிறு தொகை செலுத்தி இன்ஷூரன்ஸ் பெறலாயினர். நோயாளி கம்பெனியை நாடவேண்டியதில்லை. ஆஸ்பத்திரியே கணக்கனுப்பித் தொகையைப் பெற்றது. கம்பெனி ஏற்காத செலவை அஷ்வினி ஏற்றது. வைத்தியரின் தொல்லை நோயாளியின் படுக்கைவரை எட்டவில்லை. இன்ஷூரன்ஸ் உடையோர் மற்றவரைவிட இரு மடங்குக்கு மேல் ஆஸ்பத்திரிச் சிகிச்சை பெற்றனர் என 2010இல் வெளியான ஆராய்ச்சி கூறியது.

2012இல் தொடங்கிய முதலமைச்சர் விரிவான காப்பீட்டுத் திட்டத்தில் பிரீமியத்தை அரசே செலுத்துகிறது. 2022இல் இதன் ஆண்டு வருமான வரம்பு 72,000 ரூபாயிலிருந்து 1,20,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. ஆனால் பட்டியலிலுள்ள சிகிச்சைகளுக்கு, அங்கீகாரம் பெற்ற ஆஸ்பத்திரிகளில் மட்டுமே இது செல்லும் என்பதை மறவாதிருத்தல் நலம்.

சொந்தப் பாலிசி உடையோருக்கு 2024 மே மாத ஒழுங்குமுறை ஆணைய விதிகள் துணை நிற்கின்றன. முன்பணமின்றிச் சிகிச்சை பெறும் விண்ணப்பத்துக்குக் கம்பெனி 1 மணி நேரத்தில் முடிவு கூறவேண்டும். வீடு திரும்பும் நாளில் 3 மணி நேரத்தில் இறுதி அனுமதி தரவேண்டும். மறுத்தால் முதலில் கம்பெனிக்கு எழுதுக. 30 நாட்களில் பரிகாரம் கிட்டாவிடில் சென்னையிலுள்ள இன்ஷூரன்ஸ் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம்.

தனி மனிதரின் விண்ணப்பம் மேஜையில் கிடக்கலாம். சங்கத்தின் குரல் அவ்வாறு கிடக்காது. அங்கத்தினர்களின் அட்டைகளைச் சரிபார்க்கவும், அருகிலுள்ள அங்கீகார ஆஸ்பத்திரிகளின் பெயர்களை அலுவலகப் பலகையில் எழுதிவைக்கவும், முறையீடுகளுக்குத் துணைபுரியவும் ஒவ்வொரு சங்கமும் முன்வரவேண்டும். கூடலூர் மக்களால் இயன்றது நம்மாலும் இயலும்.