மூன்று நாள் சிங்கப்பூர்: கிழக்குக் கரையிலிருந்து ஒரு குறும்பயணம்

வெளிநாட்டு நகரமொன்றில் மூன்று நான்கு நாட்கள் மட்டும் தங்கி, அந்த ஒரு நகரை மாத்திரம் பார்த்துத் திரும்பும் குறும்பயணம், நீண்ட விடுமுறை எடுக்க இயலாத ஆசிரியருக்கும் வணிகருக்கும் ஏற்றதாயினும், காலம் குறுகியது என்பதனாலேயே கூடுதலான முன்யோசனையை வேண்டி நிற்கின்றது. சாய்ந்தமருது, கல்முனை முதலிய ஊர்களிலிருந்து செல்வோருக்கு இவ்வகையில் சிங்கப்பூர் பெரிதும் பொருந்தும். இலங்கைக் கடவுச்சீட்டு உடையோர் குறுகிய கால வருகைக்கு முன்கூட்டியே விசா பெற வேண்டியதில்லை. தமிழ் அங்கு நான்கு ஆட்சிமொழிகளுள் ஒன்று. அந்நாட்டின் முழுப் பரப்பும் அம்பாறை மாவட்டத்தின் ஆறில் ஒரு பங்களவே என்பதால், எங்கு தங்கினாலும் மற்ற இடங்கள் எட்டும் தூரத்திலேயே அமைகின்றன.

பயணத்தின் நாட்கணக்கை விமானம் ஏறும் வேளையிலிருந்து அல்லாமல், வீட்டு வாசலிலிருந்தே தொடங்க வேண்டும். கல்முனைக் கரையோரத்தில் புகையிரதப் பாதை இல்லாமையால், பெரும்பாலோர் இரவு பஸ்ஸிலோ வேனிலோ கட்டுநாயக்க விமான நிலையத்தை அடைய வேண்டியுள்ளது. விமானப் பயணம் ஏறக்குறைய நான்கு மணித்தியாலமே எனினும், சிங்கப்பூர் நேரம் இலங்கை நேரத்துக்கு இரண்டரை மணித்தியாலம் முந்தியது. ஆகவே போக்கிலும் வரவிலும் ஒவ்வொரு நாள் கழியும் எனக் கொண்டே விடுமுறையைக் கணக்கிடுதல் தகும்.

கடவுச்சீட்டு குறைந்தது ஆறு மாதம் செல்லுபடியாக இருத்தல் அவசியம். வருகை அட்டை எனப்படும் விபரப் படிவத்தைச் சிங்கப்பூர்க் குடிவரவு அதிகார சபையின் இணையத்தளத்தில், வருகைக்கு முந்திய மூன்று நாட்களுக்குள் கட்டணமின்றி நிரப்பிவிட வேண்டும். திரும்பும் பயணச்சீட்டும் தங்குமிட உறுதிப்பத்திரமும் கையில் இருப்பது, குடிவரவு அதிகாரியின் வினாக்களுக்கு விடையளிக்க உதவும். வெற்றிலையோடு மெல்லும் புகையிலை, மின்சிகரெட், சூயிங்கம் ஆகியவை அங்கு தடைசெய்யப்பட்டவை. போதைப்பொருள் கடத்தலுக்கு மரண தண்டனை உண்டு என்பதால், பிறர் தரும் பொதியைச் சுமந்து செல்வது உயிருக்கே ஆபத்தாகலாம்.

நகரைப் பார்ப்பதில் நாளுக்கு ஒரு பகுதி என வகுப்பதே சிறந்த முறை. முதல் நாளுக்குரிய தெலுக் ஆயர் வீதியில் 1828க்கும் 1830க்கும் இடையே, சோழமண்டலக் கரையிலிருந்து சென்ற சூலியா எனப்படும் தமிழ் முஸ்லிம்கள் கட்டிய நாகூர் தர்கா நிற்கின்றது. ஆண்டுதோறும் நாகூர் நாயகம் எனும் இறைநேசரின் பெயரால் கொடியேறும் கல்முனைக் கடற்கரைப் பள்ளிவாசலை அறிந்தோருக்கு, வங்கக் கடலைச் சுற்றிப் பரந்திருந்த ஒரே மரபின் இன்னொரு கிளை அது என்பது விளங்கும். அதற்கு அண்மையில் சூலியாக்களின் ஜாமிஆ பள்ளிவாசல் உள்ளமையால், வெள்ளிக்கிழமையை இப்பகுதிக்கு ஒதுக்கினால் ஜும்ஆவும் அங்கேயே நிறைவேறும். இரண்டாம் நாளைச் சுல்தான் பள்ளிவாசல் அமைந்த கம்போங் கிளாமுக்கும், மூன்றாம் நாளை அப்துல் கபூர் பள்ளிவாசலும் முஸ்தபா வணிக நிலையமும் உள்ள லிட்டில் இந்தியாவுக்கும் வைக்கலாம். இம்மூன்றையும் எம்.ஆர்.டி. எனப்படும் நகர ரயில் இணைக்கின்றது.

உணவகங்களில் முயிஸ் எனும் சிங்கப்பூர் இஸ்லாமிய சமய மன்றத்தின் ஹலால் சான்றிதழைப் பார்த்து உண்ணலாம். ஷாபிஈ மத்ஹபின்படி, வந்திறங்கும் நாளும் புறப்படும் நாளும் நீங்கலாக முழுமையாக நான்கு நாட்கள் தங்க எண்ணாதவர் கஸ்ர், அதாவது நான்கு ரக்அத் தொழுகையை இரண்டாகச் சுருக்கும் சலுகையைப் பெறுவதால், மூன்று நாள் பயணத்தில் தொழுகையும் நிகழ்ச்சிநிரலும் ஒன்றுக்கொன்று இடையூறாவதில்லை.

குறும்பயணம் கெடுவது பெரும்பாலும் பணக்குறைவால் அன்று, பட்டியலின் நீளத்தாலேயே. ஆகவே, புறப்பட எண்ணுவோர் பார்க்க வேண்டிய இடங்களைக் கூட்டுவதற்கு முன்னர், விட்டுவிடக்கூடியவை எவை என்பதைக் குடும்பத்தோடு அமர்ந்து முடிவு செய்துகொள்வாராக.