முள்ஷி ஏரியும் இருட்டுக் காட்டுப் பாதையும்

புனேயில் குடியிருக்கும் நம்மவர்களில் சேனாபதி பாபட் சாலை வழியாக ஒருமுறையாவது போகாதவர் இருக்க முடியாது. ‘எஸ்.பி. ரோடு’ என்று சுருக்கிச் சொல்லிப் பழகிவிட்டோம். அந்தச் சேனாபதி எந்தப் படையை நடத்தினார் என்று குழந்தைகள் கேட்டால் நம்மில் பலர் விழிப்போம். அதற்கான விடை நகரிலிருந்து சுமார் 45 கி.மீ. மேற்கே, மலைகளுக்கு நடுவில், ஓர் ஏரியாகப் பரந்து கிடக்கிறது. அதன் பெயர் முள்ஷி.

விடுமுறை நாளில் கோயில், சினிமா, கடைத்தெரு என்று சுற்றி அலுத்த குடும்பங்களுக்கு, ஏரியைப் பார்த்துக்கொண்டே போய், காட்டுக்குள் நடந்து வரக்கூடிய ஓர் இடத்தைச் சொல்ல வேண்டுமென்றால் இதைத்தான் சொல்ல வேண்டும். கண்ணுக்கு விருந்து என்பதோடு, மனத்தில் தங்கும் ஒரு வரலாறும் இங்கே உண்டு.

ஏரிக்கரைச் சாலை

சாந்தினி சௌக்கைத் தாண்டி பிரங்குட், பௌட் வழியாக மேற்கே போனால் முள்ஷி அணை வரும். அதன் பிறகு நெடுந்தூரம் சாலையின் வலப்புறத்தில் ஏரி கூடவே வருகிறது. மழைக்காலம் முடிந்த சமயத்தில் போனால் பச்சை மலைகள் தலைகீழாக நீரில் தெரியும்.

இது இயற்கையாக அமைந்த ஏரி அன்று. கிர்க்கி, ஔந்த் பக்கம் நாம் பார்க்கிறோமே, அதே முளா ஆற்றை இங்கே தடுத்து அணை கட்டியிருக்கிறார்கள். அணை வருமுன் இந்தப் பள்ளத்தாக்கு முழுவதும் நெல் வயல்கள். சமைக்கும்போதே மாம்பூ வாசம் வீசும் ஆம்பேமோஹர் அரிசிக்குப் பேர்பெற்ற மண் இது.

பம்பாய்க்கு மின்சாரம் தருவதற்காக 1919-இல் தொடங்கப்பட்ட டாடா மின்சாரக் கம்பெனி இங்கே அணை கட்டத் தீர்மானித்தது. ஏறத்தாழ 50 கிராமங்களின் நிலம் நீரில் மூழ்கும் நிலை. 1921 ஏப்ரல் 16, ராமநவமி அன்று விவசாயிகள் அணை கட்டும் இடத்தில் அமர்ந்து சத்தியாக்கிரகம் தொடங்கினார்கள். அவர்களுக்குத் தலைமை தாங்கியவர்தான் பாண்டுரங்க் மகாதேவ் பாபட் (1880–1967). ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகருக்குப் பொறியியல் படிக்கப் போனவர் அவர். இயந்திரங்களின் அருமை தெரிந்தவரே, குடியானவனின் அடுப்பை அணைத்து நகரத்து விளக்கை ஏற்ற வேண்டுமா என்ற கேள்வியின் பக்கம் நின்றார். பலமுறை சிறை சென்றார். ‘சேனாபதி’ என்ற பட்டம் இந்தப் போராட்டத்தில்தான் அவருக்குக் கிடைத்தது.

போராட்டம் வெற்றி பெறவில்லை. நிலங்கள் பல, கடன் கொடுத்தவர்களின் பிடியில் இருந்தன. அவர்களுக்கு இழப்பீட்டுத் தொகை போதுமானதாக இருந்தது. உழுதவனுக்கோ நிலமே வாழ்க்கை. இந்தப் பிளவினால் ஒற்றுமை குலைந்து, 1924-இல் சத்தியாக்கிரகம் ஓய்ந்தது. 1927-இல் அணையும் மின்நிலையமும் செயல்படத் தொடங்கின. வயலை இழந்தவர்களில் சிலர் மேலேறி மலைச்சரிவுகளில் குடிசை போட்டுக்கொண்டார்கள். அணைகளால் இடம்பெயர்ந்தோர் நடத்திய போராட்டங்களில் உலகிலேயே முதன்மையானது என்று இதைச் சொல்லும் ஆய்வாளர்களும் உண்டு. நர்மதைப் போராட்டத்துக்கு 60 ஆண்டுகளுக்கு மேல் மூத்தது அல்லவா!

காட்டுக்குள்ளே

ஏரியைக் கடந்து நிவே என்ற ஊரில் திரும்பினால் பிம்ப்ரி வரும். (சிஞ்ச்வாடுக்குப் பக்கத்திலுள்ள பிம்ப்ரி வேறு, வண்டிக்காரரிடம் தெளிவாகச் சொல்லிவிடுங்கள்.) இங்கே ஒரு சிறு நீர்த்தேக்கத்தின் அருகிலிருந்து ‘அந்தார்பன்’ காட்டுப்பாதை தொடங்குகிறது. மராத்தியில் அந்தார் என்றால் இருட்டு, பன் என்றால் வனம். பெயருக்கேற்ப, உச்சி வெயிலிலும் நிழல் விலகாத பகுதிகள் உண்டு. ஓரிடத்தில் மரங்கள் விலகினால், கீழே குண்டலிகா பள்ளத்தாக்கு திடீரென்று பிளந்து தெரியும். மழைக்காலத்தில் எதிர்ப்பாறைகளில் எங்கு பார்த்தாலும் வெள்ளிக் கோடுகளாக அருவிகள்.

பாதையில் நாவல், கடுக்காய் போன்ற நமக்குப் பழக்கமான மரங்களைப் பிள்ளைகளுக்குக் காட்டலாம். இந்த மலைத்தொடரில் ‘கார்வி’ என்றொரு புதர் உண்டு. நம் குறிஞ்சிக்கு ஒன்றுவிட்ட உறவு. குறிஞ்சி 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை பூப்பதுபோல் கார்வியும் பல ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் மொத்தமாகப் பூக்கும்.

பாதி வழியில் ஹிர்டி என்ற சின்னஞ்சிறு ஊர். அதற்கப்பால் செங்குத்தான இறக்கம். மொத்தம் சுமார் 13 கி.மீ. நடந்து, கொங்கண் பக்கம் பீரா என்ற இடத்தில் இறங்கி முடிக்கலாம். ஏற்றம் குறைவு, இறக்கமே அதிகம் என்றாலும் 6 மணி நேரமாவது ஆகும். முழங்கால் வலி உள்ளவர்களுக்கு இறக்கம்தான் சிரமம். பெரியவர்களும் சிறு குழந்தைகளும் முதல் ஒரு மணி நேரம் காட்டுக்குள் நடந்துவிட்டு வந்த வழியே திரும்பலாம். முழுவதும் நடப்பவர்கள், வண்டியைத் தாம்ஹிணி மலைப்பாதை வழியாக முன்னதாகவே பீராவுக்கு அனுப்பிவிட வேண்டும்.

நீர் போகும் திசை

பீராவில் இறங்கியதும் இன்னொரு நீர்த்தேக்கம். அங்குள்ள மின்நிலையத்தைச் சுழற்றுவது முள்ஷி ஏரியின் நீரே. மலையைக் குடைந்து, குழாய்களில் சுமார் 500 மீட்டர் கீழே விழ வைத்து மின்சாரம் எடுக்கிறார்கள். நாம் காட்டு வழியே இறங்கிய மலையைத்தான் அந்த நீரும் இறங்கி வந்திருக்கிறது.

இங்கே சற்று நின்று யோசிக்க வேண்டும. முளா ஆறு கிழக்கே ஓடி, புனேயில் முட்டா ஆற்றோடு கலந்து, பீமா, கிருஷ்ணா வழியாக வங்கக் கடலுக்குப் போக வேண்டியது. அணையில் தேங்கிய நீர் மேற்கே திரும்பி, குண்டலிகாவில் விழுந்து அரபிக் கடலுக்குப் போகிறது. மழை கொட்டித் தீர்க்கும் கொங்கண் பக்கம் நீர் இறங்க, அதே பீமா ஓடும் சோலாப்பூர்ப் பக்கம் வறட்சியில் வாடுகிறது. இந்த நீரைக் கிழக்கே விட வேண்டும் என்ற கோரிக்கை இன்றும் எழுந்துகொண்டுதான் இருக்கிறது.

மதுரை, தேனிப் பக்கத்து வாசகர்களுக்கு இது உடனே புரியும். மேற்கே ஓடி அரபிக் கடலில் கலந்த பெரியாற்றை, 1895-இல் பென்னிகுயிக் கட்டிய அணை கிழக்கே திருப்பி வைகைக்குக் கொண்டுவந்தது. லோயர் கேம்ப்பில் மலையிலிருந்து இறங்கும் பெரிய குழாய்களைப் பார்த்தவர்களுக்குப் பீராவின் காட்சி புதிதாகத் தோன்றாது. ஆனால் அங்கே மழை மிகுந்த பக்கத்து நீர் வறண்ட பக்கம் வந்தது; இங்கே வறண்ட பக்கத்துக்குரிய நீர் மழை மிகுந்த பக்கம் போகிறது. ஒரே மலைத்தொடர், ஒரே பொறியியல்; திசைதான் நேர் எதிர். அணை நல்லதா கெட்டதா என்று பட்டிமன்றம் நடத்துமுன், நீர் யாரிடமிருந்து யாருக்குப் போகிறது என்று கேட்க வேண்டும். அந்தக் கேள்வியை ஒரு நாள் நடையில் கண்ணால் காணக் கூடிய இடம் இது.

போகுமுன் சில வார்த்தைகள்

புனேயில் ஆண்டுக்கு ஏறத்தாழ 700 மி.மீ. மழை. தாம்ஹிணியில் அதைப்போல் பல மடங்கு. ஜூலை, ஆகஸ்டில் காட்டோடைகள் நொடியில் பெருகும். 2024 ஜூன் 30 அன்று லோணாவளா புஷி அணைக்குப் பின்னால் அருவியில் நின்றிருந்த ஒரே குடும்பத்தைச் சேர்ந்த 5 பேரை வெள்ளம் அடித்துப்போனதை மறக்க முடியாது. குடும்பத்தோடு போக அக்டோபர் முதல் பிப்ரவரி வரையே உகந்த காலம். இந்தக் காடு தாம்ஹிணி வனவிலங்குச் சரணாலயத்தைச் சேர்ந்தது. மழைக்காலத்தில் வனத்துறை பாதையை மூடிவிடுவதும் உண்டு. விசாரித்துக்கொண்டு கிளம்புங்கள். காலை 8 மணிக்குள் நடக்கத் தொடங்கி, இருட்டுமுன் இறங்கிவிட வேண்டும். வழி தெரிந்த உள்ளூர்க்காரர் ஒருவரைக் கூலி பேசி அழைத்துக்கொள்வது நல்லது.

புளியோதரையும் தயிர் சாதமும் கட்டிக்கொண்டு போங்கள். இலையையும் பையையும் காட்டில் போடாமல் திரும்பக் கொண்டுவாருங்கள். வழியில் கிராமத்தார் நெல்லோ கடுக்காயோ விற்றால் பேரம் பேசாமல் வாங்குங்கள். அவர்களில் சிலருடைய பாட்டன் வயல், நீங்கள் படம் எடுத்த அந்த நீருக்கு அடியில்தான் இருக்கிறது.