பூசா: இடிந்த கட்டடமும் இடம்பெயர்ந்த பெயரும்

பூசா பாஸ்மதி, பூசா ரூபி தக்காளி என்று பல பயிர் ரகங்களின் பெயர் ‘பூசா’வில் தொடங்கும். இவை டெல்லியில் உள்ள இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கியவை. 1958 முதல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமாகவும் இயங்கும் அந்த வளாகத்தை டெல்லிவாசிகள் பூசா என்றே சொல்கிறார்கள். பக்கத்துச் சாலைக்கும் அதே பெயர்தான். உண்மையில் பூசா, அங்கிருந்து ஏறத்தாழ ஆயிரம் கிலோமீட்டர் கிழக்கே, பீகாரின் சமஸ்திபூர் மாவட்டத்தில் உள்ள ஓர் ஊர். அந்தப் பெயர் தலைநகருக்கு வந்த கதையை நிலநடுக்கப் பாடத்தோடு சேர்த்துச் சொல்வது என் வழக்கம்.

1899-1900 பஞ்சத்தின் கொடுமை ஆறாத காலம். வேளாண்மைக்கென ஓர் ஆராய்ச்சி நிறுவனம் வேண்டும் என்று கர்சன் பிரபு திட்டமிட்டார். ஆண்ட்ரூ கார்னகியின் உருக்குத் தொழில் பங்காளியான அமெரிக்கர் ஹென்றி ஃபிப்ஸ் கொடுத்த 30,000 பவுண்டு நன்கொடை அதற்குக் கைகொடுத்தது. 1905 ஏப்ரல் 1 அன்று பூசாவில் கர்சன் அடிக்கல் நாட்டினார். அங்கே எழுந்த பெரிய ஆய்வகக் கட்டடத்துக்கு ஃபிப்ஸின் பெயரே வைக்கப்பட்டது. ஆல்பர்ட் ஹோவர்டும் அவர் மனைவி கேப்ரியலும் புதிய கோதுமை ரகங்களை உருவாக்கியது பூசாவில்தான். உழவர்களும் பூச்சிகளுமே தன் ஆசிரியர்கள் என்று பின்னாளில் சொன்னவர் ஹோவர்ட். இயற்கை வேளாண்மை பேசுகிற எவரும் இன்று அவர் பெயரைத் தாண்டிப் போக முடியாது.

ஒருமுறை இதைச் சொல்லிக்கொண்டிருந்தபோது ஒரு மாணவி எழுந்து, “சார், ஃபிப்ஸ் பெயரின் முதல் எழுத்து ‘பி’யையும் யு.எஸ்.ஏ.வையும் சேர்த்தால் பூசா. அதனால்தான் அந்தப் பெயராம். போன்ல இருக்கு” என்றாள். கேட்கச் சுவையான விளக்கம்தான். உடனே மறுக்காமல் கரும்பலகையில் ஒரு காலக்கோடு வரைந்தேன். கிழக்கிந்தியக் கம்பெனி பூசாவில் குதிரைப் பண்ணை நடத்தியது. வில்லியம் மூர்கிராஃப்ட் என்ற கால்நடை மருத்துவர் 1808இல் அதன் பொறுப்பை ஏற்றார். ஃபிப்ஸ் பிறந்தது 1839இல். “இப்போ சொல்லுங்க” என்றேன். அந்த மாணவியே சிரித்துவிட்டாள். கைப்பேசியில் வரும் செய்தியைச் சரிபார்க்கக் கற்றுக்கொடுக்க இதைவிட எளிய உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

1934 ஜனவரி 15, பிற்பகல் 2 மணியளவில் பீகாரையும் நேபாளத்தையும் பெரும் நிலநடுக்கம் உலுக்கியது. அதன் அளவு சுமார் 8. பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தனர். வட பீகாரின் தரை கங்கையும் அதன் துணையாறுகளும் கொண்டுவந்து சேர்த்த வண்டல். நீர் ஊறிய மணல் அடுக்கு குலுங்கும்போது கூழ்போல் இளகிவிடும். பல இடங்களில் நிலம் பிளந்து மணலும் நீரும் பீறிட்டன; கட்டடங்கள் சாய்ந்தன, புதைந்தன. வகுப்பில் ஒரு தட்டில் ஈர மணலைப் பரப்பி, மேலே ஒரு செங்கல் துண்டை நிறுத்தி, தட்டின் ஓரத்தை விடாமல் தட்டச் சொல்லுங்கள். கல் சாய்ந்து இறங்குவதைப் பிள்ளைகள் கண்ணால் பார்ப்பார்கள்.

அப்போது காந்தியடிகள் தமிழ்நாட்டில் சுற்றுப்பயணத்தில் இருந்தார். தீண்டாமை என்னும் பாவத்துக்குக் கிடைத்த தண்டனையே இந்த நிலநடுக்கம் என்று அவர் பேசியது திருநெல்வேலியில். தீண்டாமையை அதே அளவு எதிர்த்த தாகூர், இயற்கை நிகழ்வை இப்படி விளக்குவது அறிவியலுக்குப் பொருந்தாது என்று மறுத்து எழுதினார். அந்த மறுப்பைக் காந்தியடிகள் தன் ‘ஹரிஜன்’ இதழிலேயே வெளியிட்டுப் பதிலும் எழுதினார். இருவரில் எனக்குத் தாகூரின் வாதமே சரி. ஆனால் மறுப்பை மறைக்காமல் அச்சிட்ட பண்பையும் மாணவர்களிடம் சொல்லத் தவறுவதில்லை.

ஃபிப்ஸ் ஆய்வகம் சரிசெய்ய முடியாத அளவுக்குச் சிதைந்திருந்தது. அரசு அதைத் திரும்பக் கட்டவில்லை; நிறுவனத்தையே டெல்லிக்கு மாற்ற முடிவெடுத்தது. 1936 நவம்பர் 7 அன்று வைஸ்ராய் லின்லித்கோ பிரபு புதிய வளாகத்தைத் திறந்துவைத்தார். பூசாவில் சேர்த்த நூல்களும் டெல்லிக்குப் போயின. கூடவே ஊரின் பெயரும் போனது. கும்பகோணத்தில் பிறந்து, கோவையில் வேளாண்மை படித்த எம்.எஸ். சுவாமிநாதன் 1966 முதல் 1972 வரை இயக்குநராக இருந்தது இந்த டெல்லி வளாகத்தில்தான்.

இடிந்த இடத்திலேயே மீண்டும் கட்டியிருக்க வேண்டுமா என்று கேட்டால் வகுப்பு இரண்டாகப் பிரியும். பீகார் உழவரிடமிருந்து ஆய்வகத்தைப் பிரித்தது நியாயமில்லை என்பது என் கட்சி. பழைய பூசாவுக்கு 1970இல்தான் விடிவு வந்தது. இராஜேந்திர பிரசாத் பெயரில் அங்கே வேளாண் பல்கலைக்கழகம் அமைந்தது. 2016இல் அது மத்தியப் பல்கலைக்கழகமானது.

நம் பக்கத்திலும் இப்படி ஓர் இடமாற்றம் உண்டு. சைதாப்பேட்டையில் இயங்கிய வேளாண் கல்வி நிலையம் 1906 வாக்கில் கோவைக்கு மாறியது. 1971இல் அது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமாக வளர்ந்தது. அந்த வளாகத்தைக் கோவைக்காரர் யாரும் சைதாப்பேட்டை என்று சொல்வதில்லை.