படகு எஞ்சினும் குதிரைத் திறனும்

மாணவ நண்பர்களே, எஞ்சினைப் பற்றிப் பேச வந்த நான், ஓர் எஞ்சினைப் பாழாக்கிய கதையிலிருந்து தொடங்க வேண்டியவனாக இருக்கிறேன். பாழாக்கியவன் வேறு யாருமல்லன், நானேதான்.

பொறியியற் கல்லூரியை விட்டு வெளிவந்து ஈராண்டும் நிறையாத காலம் அது. தூத்துக்குடிக் கடற்கரையில் ஒரு சிறு பட்டறையில் விசைப்படகுகளின் டீசல் எஞ்சின்களைப் பழுதுபார்த்து வந்தேன். ஒரு நாள் மாலை படகுக்காரர் ஒருவர் வந்தார். கரையில் எல்லோரும் அவரைச் சம்மாட்டியார் என்றே அழைப்பர்.

"தம்பி, பக்கத்துப் படகு எனக்கு முன்னே கரை சேர்ந்துவிடுகிறது. முதலில் வந்த மீனுக்குத்தான் நல்ல விலை. எஞ்சினுக்கு இன்னும் கொஞ்சம் குதிரைத் திறன் ஏற்றித் தர முடியுமா?" என்று கேட்டார்.

"முடியும், அண்ணாச்சி" என்றேன். எண்ணிப் பாராமல் சொல்லிவிட்ட விடை அது.

டீசல் பம்பில் ஒரு திருகு உண்டு. ஒவ்வொரு முறையும் சிலிண்டருக்குள் எவ்வளவு டீசல் பீச்சப்படலாம் என்னும் உச்ச அளவை அது வரையறுக்கும். யாரும் அதனைத் தொடலாகாது என்பதற்காகவே தொழிற்சாலையில் ஈய முத்திரை வைத்திருப்பார்கள். நான் முத்திரையை நீக்கினேன், திருகைத் திருப்பினேன். எஞ்சின் முழங்கிற்று. புகைக்குழாயில் கரும்புகை எழுந்தது. புகை மிகுந்தால் வலிமை மிகுந்தது என்று கரையில் நின்றவர்கள் மகிழ்ந்தார்கள். உண்மையைச் சொன்னால், நானும் மகிழ்ந்தேன்.

ஒன்பதாம் நாள் விடியற்காலையில் அப்படகு கடலுக்குச் சென்றது. அதில் ஏழு பேர் இருந்தனர். அவர்களுள் ஒருவன் சம்மாட்டியாரின் மூத்த மகன். இரவில் திரும்பியிருக்க வேண்டிய படகு திரும்பவில்லை. அந்த இரவுக்குப் பின்னர் வருவோம். முதலில், நான் செய்த பிழை யாது என்பதை நீங்கள் அறிய வேண்டும்.

குதிரைத் திறன் என்னும் அளவை ஜேம்ஸ் வாட் வகுத்தார். எத்தனை குதிரைகள் செய்த வேலையை ஒரு நீராவி எஞ்சின் செய்யும் என்று வாங்குவோருக்கு விளக்குவதற்காக எழுந்த கணக்கு அது. ஒரு நிமிடத்தில் 33,000 பவுண்டு எடையை ஓரடி உயரம் தூக்கும் ஆற்றலே ஒரு குதிரைத் திறன். இன்றைய அளவையில் ஏறக்குறைய 746 வாட்டு. குதிரைத் திறன் என்பது வெறும் வலிமையன்று. வலிமையையும் விரைவையும் பெருக்கி வருவது. எஞ்சின் தண்டைத் திருப்பும் முறுக்கு விசை ஒன்று. அத்தண்டு நிமிடத்திற்கு எத்தனை முறை சுழல்கிறது என்பது மற்றொன்று. சம்மாட்டியாரின் எஞ்சின் நிமிடத்திற்கு 2,000 சுற்றில் 400 நியூட்டன் மீட்டர் முறுக்கு விசை தருவது. இரண்டையும் பெருக்கிக் கணக்கிட்டால் ஏறக்குறைய 84 கிலோவாட்டு, அதாவது 112 குதிரைத் திறன் வரும்.

ஆகவே திறனைப் பெருக்க வழிகள் இரண்டே. முறுக்கு விசையைக் கூட்ட வேண்டும். அல்லது சுற்றைக் கூட்ட வேண்டும். சுற்றைக் கூட்டினால் பிஸ்டனையும் அதனைத் தாங்கும் தண்டையும் இழுக்கும் விசை, சுற்றின் இருமடிக்கு ஏற்ப வளரும். சுற்று ஒன்றரை மடங்கானால் அவ்விசை இரண்டே கால் மடங்காகும். கனத்த டீசல் எஞ்சினுக்கு இது பொருந்தாது. எஞ்சியது முறுக்கு விசை. அதற்கு மிகுதியான டீசல் எரிய வேண்டும். டீசல் எரியக் காற்று வேண்டும். இந்த இடத்தில்தான் நான் வழுக்கி விழுந்தேன்.

ஒரு கிலோகிராம் டீசல் முழுதும் எரிவதற்குக் குறைந்தது பதினான்கரை கிலோகிராம் காற்றுத் தேவை. புகையின்றி எரிய அதனினும் மிகுதி வேண்டும். சிலிண்டரின் கொள்ளளவு மாறவில்லை. காற்று வரும் வழியும் மாறவில்லை. டீசலை மட்டும் நான் கூட்டினேன். காற்றுப் பெறாத டீசல் கரியாயிற்று. நாங்கள் கண்டு மகிழ்ந்த கரும்புகை அதுவே. வெளியேறும் வாயுவின் வெப்பம் ஏறியது. எரியறைக்குள் எழும் வெப்பம் 2,000 டிகிரி செல்சியசை எட்டும். பிஸ்டன் செய்யப்படும் அலுமினியமோ 660 டிகிரியில் உருகிவிடும். எண்ணெயும் நீரும் இடைவிடாது வெப்பத்தை வாங்கிச் செல்வதால்தான் பிஸ்டன் உயிர் வாழ்கிறது. அந்த ஏற்பாட்டின் அளவை மீறி வெப்பம் வந்தால் பிஸ்டன் விரியும். எரியாத டீசல் சிலிண்டர்ச் சுவரிலுள்ள எண்ணெய்ப் படலத்தைக் கழுவிவிடும். பிறகு உலோகம் உலோகத்தை உரசி, ஒன்றோடொன்று பற்றிக்கொள்ளும்.

கரையில் ஓடும் லாரியின் எஞ்சினாயிருந்தால் இவ்வளவு விரைவில் இது நேர்ந்திராது. லாரி மேட்டில் ஏறினால் அடுத்துப் பள்ளத்தில் இறங்கும். எஞ்சினுக்கு ஓய்வு கிடைக்கும். கடலில் இறக்கம் என்பதே இல்லை. படகு எஞ்சின் நாள் முழுதும் மேட்டில் ஏறிக்கொண்டேயிருப்பதற்கு ஒப்பானது. ஒரே எஞ்சினுக்கு ஓயாத வேலைக்கு ஒரு திறனும், சிறிது நேர வேலைக்கு அதனினும் உயர்ந்த ஒரு திறனும் குறிக்கப்படுவது இதனாலேதான்.

இனி அந்த இரவு. கைப்பேசி வராத காலம். நடு இரவு வரை விளக்கு வெளிச்சத்தில் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றோம். சம்மாட்டியாரின் மனைவி மணலில் அமர்ந்து செபமாலை சொல்லிக்கொண்டிருந்தார். கச்சான் காற்று வலுத்திருந்தது. என்னை யாரும் ஒரு சொல்லும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும். விடிந்து இரண்டு நாழிகைக்குப் பின்னர், வேறொரு படகு கயிறு கட்டி அதனை இழுத்து வந்தது. ஏழு பேரும் உயிரோடு இருந்தார்கள். மூன்றாம் சிலிண்டரின் பிஸ்டன் பற்றிக்கொண்டு, எஞ்சின் நின்று, இரவெல்லாம் அலையில் மிதந்திருக்கிறார்கள்.

சம்மாட்டியார் என்னிடம் வந்தார். வைவார் என்று எதிர்பார்த்தேன். "தம்பி, கரையில் வண்டி நின்றால் இறங்கி நடக்கலாம். கடலில் எங்கே இறங்குவது?" என்று மட்டும் சொன்னார். கல்லூரியில் நான் பெறாத பாடம் அது.

எஞ்சினை மீண்டும் என்னிடமே ஒப்படைத்தார். இம்முறை திருகாணியைத் தொடுமுன் அளவுகோலை எடுத்தேன். எஞ்சினைப் புதுக்குவதன் முதற்படி அளத்தலே. ஒவ்வொரு சிலிண்டரிலும் அழுத்தம் எவ்வளவு, சுவர் எவ்வளவு தேய்ந்து முட்டை வடிவாகியிருக்கிறது, கிராங்க் தண்டு வட்டமாக இருக்கிறதா, வால்வுகள் இருக்கையில் சரியாகப் பொருந்துகின்றனவா என்று ஒவ்வொன்றாக அளந்து எழுதினேன். தேய்ந்த சிலிண்டரைச் சற்றே அகலமாகக் கடைந்து, அதற்கேற்ற பெரிய பிஸ்டனும் வளையங்களும் பொருத்தினோம். கிராங்க் தண்டைத் தேய்த்து மெருகேற்றி, அதற்கேற்ற பேரிங்குகளை இட்டோம். வால்வு இருக்கைகளைத் தீட்டினோம். டீசல் பீச்சும் நாசில்களைச் சோதித்து, தாரையாக ஒழுகியவற்றை நீக்கி, மூடுபனிபோல் தூவும் புதியவற்றை வைத்தோம். உப்பும் சுண்ணமும் அடைத்திருந்த குளிர்நீர்க் குழாய்களைத் துலக்கினோம். டீசலின் வெப்பத்தில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்குதான் தண்டுக்கு வேலையாக வருகிறது. மற்றொரு பங்கு புகையோடு போகிறது. எஞ்சியதில் பெரும்பகுதியைக் குளிர்நீரே சுமக்கிறது. அந்த நீரின் வழி அடைந்தால் எஞ்சினின் மூச்சே அடைந்ததாகும்.

இவ்வளவும் செய்தபின் எஞ்சின் தன் பழைய திறனை அடைந்தது. புதிய திறன் எதையும் அடையவில்லை. அப்படியானால், உண்மையிலேயே திறனைப் பெருக்க வழியில்லையா என்று நீங்கள் கேட்கலாம். உண்டு. காற்றைக் கூட்டுவதே அவ்வழி. ஆல்பிரட் பூச்சி என்னும் சுவிட்சர்லாந்துப் பொறியாளர் 1905-ஆம் ஆண்டிலேயே இதற்கு ஒரு காப்புரிமை பெற்றார். வீணாகப் போகும் புகையைக் கொண்டே ஒரு சக்கரத்தைச் சுழற்றி, அச்சக்கரத்தால் காற்றை அழுத்திச் சிலிண்டருக்குள் செலுத்துவது அவர் கண்ட முறை. 1920-களில் பிராய்சன், ஹன்சஸ்டாட் டான்சிக் என்னும் இரு ஜெர்மானியப் பயணிக் கப்பல்களின் எஞ்சின்கள் இம்முறையால் 1,750 குதிரைத் திறனிலிருந்து 2,500-க்கு உயர்ந்தன. இன்று டர்போ என்று நாம் கூறுவது அதுவே. ஆனால் காற்றைக் கூட்டினால் அழுத்தம் கூடும். அழுத்தம் கூடினால் பிஸ்டன், பேரிங்குகள், சிலிண்டர் மூடி, குளிர்நீர் ஏற்பாடு, கியர்பெட்டி, படகின் அடியில் சுழலும் தண்டு ஆகிய யாவும் அதனைத் தாங்க வேண்டும். சங்கிலியின் ஒரு கண்ணியை மட்டும் பருமனாக்கிப் பயனில்லை.

சரி, அவ்வளவும் செய்துவிட்டால் படகு எவ்வளவு விரைந்து செல்லும்? இங்கே கடலே ஒரு வரம்பு இட்டிருக்கிறது. படகு செல்லும்போது தானே ஓர் அலையை எழுப்புகிறது. விரைவு கூடக் கூட அந்த அலையின் நீளமும் கூடுகிறது. அலையின் நீளம் படகின் நீளத்திற்குச் சமமாகும்போது, படகு தான் எழுப்பிய அலையின் மேட்டிலேயே ஏற முயல்வதுபோல் ஆகிறது. வில்லியம் ஃபுரூடு என்னும் ஆங்கிலப் பொறியாளர் 1870-களில் நீர்த்தொட்டியில் மாதிரிக் கப்பல்களை இழுத்து இந்த எதிர்ப்பை ஆராய்ந்தார். நீர்க்கோட்டில் படகின் நீளம் எத்தனை அடியோ, அதன் வர்க்கமூலத்தை 1.34-ஆல் பெருக்கினால் அந்த வரம்பு கடல்மைல் கணக்கில் வரும். சம்மாட்டியாரின் படகு 36 அடி. வர்க்கமூலம் 6, பெருக்கினால் மணிக்கு ஏறக்குறைய 8 கடல்மைல், அதாவது 15 கிலோமீட்டர். அந்த வரம்பை நெருங்குமுன்பே, விரைவைப் பத்தில் ஒரு பங்கு கூட்ட, திறனை மூன்றில் ஒரு பங்கு கூட்ட வேண்டும். நெருங்கிய பின்னர், ஊற்றும் டீசலெல்லாம் அலையாகவே போகும்.

பின்னர்ப் படகில் ஏறி அளந்தேன். முழு விசை கொடுத்தும் எஞ்சின் 2,000 சுற்றை எட்டவில்லை, 1,700-இலேயே நின்றது. காரணம் நீருக்கடியில் இருந்தது. விரைவை விரும்பிச் சம்மாட்டியார் முன்பே பெரிய புரொப்பெல்லர் ஒன்றைப் பொருத்தியிருந்தார். அதன் இதழ்களின் சாய்வு எஞ்சினின் தகுதிக்கு மிகை. 1,700 சுற்றில் அதே முறுக்கு விசைக்குக் கிடைப்பது 95 குதிரைத் திறனே. நாங்கள் வெளியே தேடிய குதிரைகளில் பதினேழு, படகின் லாயத்திலேயே கட்டுண்டு கிடந்தன!

சாய்வு குறைந்த புரொப்பெல்லரை மாட்டினோம். படகைக் கரையேற்றி, அடிப்பகுதியில் அப்பியிருந்த கொட்டலசையும் பாசியையும் சுரண்டி வண்ணம் பூசினோம். டீசல் பம்பின் திருகைப் பழைய அளவிலேயே நிறுத்தி, மீண்டும் முத்திரையிட்டோம். சோதனை ஓட்டத்தில் எஞ்சின் 2,000 சுற்றை எட்டியது. புகைக்குழாயில் புகை கண்ணுக்குத் தெரியவில்லை. பக்கத்துப் படகை அது வென்றதா என்று கேட்பீர்கள். சில நாள் வென்றது, சில நாள் தோற்றது. ஆனால் ஒரு நாளும் திரும்பாமல் இருந்ததில்லை.

மாணவர்களே, நாளை உங்களிடமும் யாரேனும் வந்து, இந்த எந்திரத்தின் திறனைக் கூட்டித் தர முடியுமா என்று கேட்பார்கள். முடியும் என்று சொல்வதற்கு முன் அளந்து பாருங்கள். இருக்கும் திறன் எங்கே போகிறது என்று கண்டபின், இல்லாத திறனைத் தேடுங்கள். அந்த எந்திரத்தை நம்பி எத்தனை பேர் கடலுக்குப் போகிறார்கள் என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.