குடிபெயர்ந்தோர் வீட்டுச் சித்திர ஆசிரியர்

பிறநாட்டினின்றும் ஒரு பெருநகரில் வந்து குடியேறிய குடும்பத்துப் பிள்ளை, பாடசாலைக்குச் செல்லும் முதல் ஆண்டிற் பெரும்பாலும் பேசாதிருக்கின்றது. வீட்டு மொழி வகுப்பறையிற் செல்லாது. வகுப்பறை மொழி நாவில் இன்னும் படியவில்லை. அத்தகைய பிள்ளை பிறரோடு சரிநிகராக இருக்கக்கூடிய வேளை சித்திரபாட வேளையே. அப்பிள்ளை வளர்ந்து சித்திர ஆசிரியனாக விரும்புங்கால், உருவமும் நிறமும் சொல்லுக்கு முன்னரே பேசவல்லன என்பதை எவரும் அவனுக்கு உணர்த்த வேண்டியதில்லை. ஆயினும் ஓர் இடர் உண்டு. உச்சரிப்பையும் உடையையும் பெயரையுங்கூட மாற்றி ஊரோடு ஒத்துப்போனவன், தன் மாணவரின் கோடுகளையும் அவ்வாறே திருத்த முற்படுதல் கூடும். ஐக்கிய அமெரிக்காவின் வரலாறு இதனை நன்கு விளக்கும்.

நியூயோர்க் நகரத்து அரசினர் பாடசாலைகளுக்கு ஆசிரியரைத் தெரிவதற்கென 1898 ஆம் ஆண்டில் அமைக்கப்பட்ட பரீட்சகர் சபை 1990 வரை இயங்கியது. எழுத்துப் பரீட்சையோடு வாய்மொழிப் பரீட்சையும் அது நடத்திற்று. கற்பிக்கப்போவது கணிதமாயினும் சித்திரமாயினும் விண்ணப்பகாரரின் ஆங்கில உச்சரிப்பு நிறுத்துப் பார்க்கப்பட்டது. கிழக்கு ஐரோப்பாவினின்றும் வந்த யூதரின் மக்களும், பின்னர் போட்டோ றிக்கோத் தீவினின்றும் வந்தோரும் பேச்சின் சாயல் காரணமாகத் தடைப்பட்டதுண்டு. மாணவர் ஆசிரியரைப் பின்பற்றியே பேசுவர் என்ற நியாயத்தில் உண்மை சிறிதும் இல்லையெனல் பொருந்தாது. ஆனால், தூரிகை பிடிக்க வந்தவரின் நாவை அளந்து தகுதியைத் துணிந்தமை விந்தையே. ஆசிரியத் தொழிலை நாடியோர் பயிற்சிக் காலத்திலேயே தம் வீட்டுச் சாயலை மறைக்கப் பழகினர்.

மார்க் றொத்கோ இவ்வாயிலாற் புகுந்தவரல்லர். அக்காலம் றஷ்யப் பேரரசைச் சேர்ந்திருந்த, இன்று லற்வியாவிலுள்ள டிவின்ஸ்க் நகரில் 1903 இற் பிறந்த அவர், 1913 இல் தாயாருடனும் தமக்கையுடனும் அமெரிக்கா சென்று, போட்லன்ட் நகரில் முன்னரே குடியேறியிருந்த தந்தையாரை அடைந்தார். சில மாதங்களில் தந்தையார் காலமானார். சிறுவன் பத்திரிகை விற்றான். றஷ்ய மொழியும் இத்திஷ் மொழியும் எபிரேயமும் அறிந்திருந்தவன் ஆங்கிலத்தைப் புதிதாகக் கற்றான். 1921 இல் யேல் பல்கலைக்கழகம் புகுந்து, பட்டம் பெறாமலே 1923 இல் நீங்கி, நியூயோர்க்கை அடைந்து ஓவியத் துறையை மேற்கொண்டார். 1929 தொடக்கம் 1952 வரை, புறூக்லினில் யூத சமூக நிலையமொன்று நடத்திய பாடசாலையிற் சிறுவருக்குப் பகுதிநேரமாகச் சித்திரம் கற்பித்தார். அவருடைய மாபெரும் வண்ணத்திரைகளை வியப்போர் பலர். இந்த 23 ஆண்டுகளை எண்ணுவோர் சிலரே.

பாட்டையும் பேச்சையும் போலச் சித்திரமும் மனிதனுக்கு இயல்பான மொழி என்பது 1934 இல் அவர் எழுதிய கட்டுரையொன்றின் கருத்து. பிள்ளை இலக்கணம் கற்ற பின்னரா பேசத் தொடங்குகின்றது? ஆதலின் அண்மை சேய்மை விதிகளும் உடலளவு விதிகளும் முதலிற் புகட்டப்படவில்லை. தாளும் வண்ணமும் களிமண்ணும் கொடுக்கப்பட்டன. பிள்ளை தன் எண்ணத்தைத் தன் போக்கில் உருவாக்க ஆசிரியர் இடம் விட்டார். 1933 இற் போட்லன்ட் நூதனசாலையில் தம் முதலாவது தனிக்காட்சியை வைத்தபோது, தம் ஓவியங்களோடு மாணவரின் படைப்புக்களையும் அவர் காட்சிக்கு வைத்தார். தம் பெயரை இனித்தான் நிலைநாட்ட வேண்டியிருந்த ஓர் இளைஞர் அவ்வாறு செய்தமை சாமானியமன்று. றொத்கோவிச் என்ற குடும்பப் பெயரை 1940 இற் சுருக்கிக்கொண்டவரும் அவரே. தம் பெயரிற் செய்த திருத்தத்தை அவர் பிள்ளைகளின் கோடுகளிற் செய்யவில்லை.

அதே 1903 இல் ஒஸ்திரியாவிற் பிறந்த விக்ரர் லோவன்பெல்ட், வியன்னாவிற் கண்பார்வையற்ற சிறுவருக்குக் களிமண்ணில் உருவமைக்கக் கற்பித்த யூதர். 1938 இல் நாசிகள் ஒஸ்திரியாவைக் கைப்பற்றியதும் நாட்டைவிட்டு வெளியேறி, 1939 இல் வேர்ஜீனியாவிற் கறுப்பின மாணவர் பயின்ற ஹாம்ப்ரன் கல்லூரியில் ஆசிரியரானார். நீர்க்குழாய்த் தொழில் கற்கவென 1941 இல் அங்கு வந்த ஜோன் பிகர்ஸ் என்னும் இளைஞர் அவர் வகுப்பிற் புகுந்து ஓவியரானார். இனவெறியால் ஊரிழந்த ஆசிரியருக்கும் இனவொதுக்கலில் வளர்ந்த மாணவருக்குமிடையே விளக்கிக் கூறவேண்டியது அதிகம் இருந்திராது. பிறர் மாதிரிகளைப் பார்த்து வரையாது தம் மக்களின் வாழ்வையே வரையுமாறு லோவன்பெல்ட் தூண்டினார்; 1943 இல் அம்மாணவரின் ஆக்கங்கள் நியூயோர்க் நவீன கலை நூதனசாலையில் வைக்கப்பட்டன. 1947 இல் வெளிவந்த அவருடைய நூல் ஆசிரியப் பயிற்சியிற் பெரிதும் வழங்கலாயிற்று. அச்சிட்ட உருவங்களுக்கு வண்ணந் தீட்டும் புத்தகங்களை அவர் வன்மையாகக் கண்டித்தவர்.

பிகர்ஸ் 1949 இல் ஹியூஸ்ரன் நகர் சென்று, பின்னர் ரெக்சாஸ் தென் பல்கலைக்கழகம் எனப் பெயர்பெற்ற நிறுவனத்திற் சித்திரத் துறையை நிறுவினார். கறுப்பின மக்களின் ஒடுங்கிய வரிசை வீடுகளும், துணி துவைக்கும் பலகையும், கரிபிடித்த பானையும் அவர் ஓவியங்களில் இடம்பெற்றன. மாணவரையும் கட்டடச் சுவர்களில் அவரவர் அறிந்த வாழ்வையே தீட்டச் செய்தார். அச்சுவரோவியங்களுட் பல இன்றும் அங்கே உள்ளன.