ஓய்வு பெற்றபின் ஆஸ்பத்திரிச் செலவு: கையில் உள்ள பாலிசி போதுமா?

"ஏங்க, இன்னொரு இன்ஷூரன்ஸ் எடுக்கச் சொல்லி ஏஜெண்டு வந்தாரே, என்ன சொன்னீர்கள்?"

"நமக்குத்தான் கம்பெனி இன்ஷூரன்ஸ் இருக்கிறதே! இன்னொன்று எதற்கு?"

"அது எவ்வளவு தரும்? எனக்கும் உண்டா?"

கணவர் பதில் சொல்லவில்லை. அவருக்குத் தெரியாது!

வடக்குத்தில் பல வீடுகளில் இப்படி ஒரு பேச்சு நடக்கலாம். நெய்வேலி நகரியத்தை ஒட்டிய ஊர் இது. 1956-ல் நிலக்கரி நிறுவனம் தொடங்கியது முதல், சுரங்கத்தை நம்பி வாழும் குடும்பங்கள் இந்த வட்டாரத்தில் ஏராளம்.

வேலையில் இருக்கும்வரை கவலை இல்லை. ஓய்வு பெற்றதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். சம்பளம் நின்றுவிடும். நோய் மட்டும் நிற்காது!

முதலில் இருப்பதைப் பாருங்கள்

புதிய பாலிசி எடுக்குமுன், ஏற்கெனவே என்ன பாதுகாப்பு இருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பமா? தமிழக அரசின் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை கிடைக்கும். பிரீமியம் கிடையாது. ஆனால் திட்டத்தில் சேர்ந்த ஆஸ்பத்திரியில், பட்டியலில் உள்ள சிகிச்சைக்குத்தான் செல்லும்.

ஈ.எஸ்.ஐ.யில் இருந்து ஓய்வு பெற்றவரா? 5 ஆண்டுகளாவது அதில் இருந்திருந்தால், ஆண்டுக்கு 120 ரூபாய் கட்டி, கணவனும் மனைவியும் தொடர்ந்து சிகிச்சை பெறலாம்.

கம்பெனித் திட்டமா? விதிப் புத்தகத்தைக் கேட்டு வாங்குங்கள். ஓய்வுக்குப் பின் உண்டா, மனைவிக்கு உண்டா, ஆண்டுக்கு எவ்வளவு என்ற மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள்.

அமெரிக்காவிலும் இதே கவலை!

பணக்கார நாடான அமெரிக்காவில், 65 வயதானவர்களுக்காக 1965-ல் 'மெடிகேர்' திட்டம் வந்தது. அங்கும் டாக்டர் பில் 100 டாலர் என்றால், பொதுவாக 80 டாலரைத்தான் திட்டம் தரும். மீதி 20 டாலர் நோயாளியின் தலையில்! அதற்காகவே பலர் தனியாக ஒரு துணைப் பாலிசி எடுக்கிறார்கள்.

மேலே ஒன்று

நம் நாட்டிலும் அப்படித் துணைப் பாலிசிகள் உண்டு. 'டாப்-அப்' என்றும் 'சூப்பர் டாப்-அப்' என்றும் இரண்டு வகை. முதல் சில லட்சங்களை அவை தரமாட்டா. அதற்கு மேல் போனால்தான் தரும். அதனால் பிரீமியம் குறைவு.

இரண்டுக்கும் என்ன வேற்றுமை? ஒரு கணக்கு பாருங்கள்.

கம்பெனித் திட்டம் 3 லட்சம். அதற்கு மேல் ஒரு துணைப் பாலிசி. சித்திரையில் நெஞ்சுவலி, பில் 2 லட்சம். கார்த்திகையில் மறுபடியும் ஆஸ்பத்திரி, பில் இரண்டரை லட்சம். மொத்தம் நாலரை லட்சம்.

டாப்-அப் ஒவ்வொரு பில்லையும் தனியாகப் பார்க்கும். இரண்டுமே 3 லட்சத்துக்குள்! ஒரு காசு வராது.

சூப்பர் டாப்-அப் பாலிசி ஆண்டின் பில்களைக் கூட்டிப் பார்க்கும். 3 லட்சத்துக்கு மேல் உள்ள ஒன்றரை லட்சத்தைத் தரும்.

பெயரில் ஒரு சொல்தான் வித்தியாசம். அந்தச் சொல்லுக்கு விலை ஒன்றரை லட்சம்!

கம்பெனித் திட்டமே இல்லாதவர் இதை மட்டும் எடுத்தால், முதல் 3 லட்சம் சொந்தக் கையிலிருந்து போகும். அவருக்கு முழுப் பாலிசியே நல்லது.

நோயை மறைக்காதீர்கள்

"சர்க்கரை வியாதியைச் சொன்னால் பிரீமியம் ஏறுமே!" என்று சிலர் மறைப்பார்கள். பெரிய ஆபத்து! பிறகு ஆஸ்பத்திரிச் சீட்டில் உண்மை வெளிப்பட்டால், பணம் மறுக்கப்படலாம்.

சொல்லிவிட்டால், பழைய நோய்க்குக் காத்திருக்கும் காலம் அதிகபட்சம் 3 ஆண்டுதான். 2024-ல் வந்த விதி இது. ஆகவே 60 வயது வரை காத்திராமல், வேலையில் இருக்கும்போதே எடுப்பது புத்திசாலித்தனம்.

கையெழுத்துக்கு முன் கேளுங்கள்

- எந்தத் தொகைக்கு மேல் தருவீர்கள்?
- பில்லில் நாங்கள் எத்தனை பங்கு போட வேண்டும்?
- அறை வாடகைக்கு வரம்பு உண்டா?
- கடலூர், புதுச்சேரியில் முன்பணம் இல்லாமல் சேர்க்கும் ஆஸ்பத்திரிகள் எவை?

பதிலை வாயால் வாங்காதீர்கள். பாலிசித் தாளில் காட்டச் சொல்லுங்கள். படிக்கச் சிரமமாக இருந்தால், பள்ளிக்கூடம் போகும் பிள்ளையை உரக்கப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். பிடிக்காவிட்டால், பாலிசி கைக்கு வந்த 30 நாட்களுக்குள் திருப்பிக் கொடுக்கலாம்.

பிறகு தாளைப் பெட்டியில் பூட்டிவைத்துவிட்டு, கணவர் மட்டும் தெரிந்துவைத்திருந்தால் போதாது. படுக்கையில் விழுவது அவராகவே இருக்கலாம்! அது எங்கே இருக்கிறது, யாருக்குப் போன் செய்வது என்று மனைவிக்கும் தெரிந்திருக்க வேண்டும்.