குற்றாலமும் 'கோர்ட்டாலமும்'

குற்றாலத்தில் சாரல் தொடங்கியதும் தென்காசிச் சாலைகளில் கூட்டம் பெருகுவது ஆண்டுதோறும் நாம் காணும் காட்சி. அத்தகைய நாளொன்றில், ஆங்கிலப் பெயர்ப் பலகையை எழுத்துக்கூட்டிப் படித்த சிறுவன் ஒருவன், "சாமி, இந்த ஊரில் கோர்ட் எங்கே இருக்கிறது?" என்று வினவினான். சிரித்துவிட்டேன். ஆயினும் அவ்வினாவில் ஒரு வரலாறே அடங்கியிருந்தது.

நம் றகரத்தை ஒலிக்க இயலாத ஆங்கிலேயர், தம் செவிக்கு எட்டியவாறு குற்றாலத்தைக் 'கோர்ட்டாலம்' என எழுதினர். திருநெல்வேலியை 'டின்னவெலி' ஆக்கினர். 2020 ஜூன் மாதத்தில் தமிழக அரசு 1018 ஊர்ப் பெயர்களின் ஆங்கில எழுத்துகளைத் தமிழ் ஒலிப்புக்கு ஏற்ப மாற்றி ஆணை வெளியிட்டது. எதிர்ப்பு எழவே, சில நாள்களில் அதனைத் திரும்பப் பெற்றது.

நம் ஊர்ப் பெயர்களைத் திரித்த அதே மொழி, நம் சொற்களைக் கடனாகவும் பெற்றது. கட்டுமரம், சுருட்டு, மிளகுத்தண்ணீர் ஆகியவை கட்டமரான், செரூட், முலிகட்டானி எனக் கடல் கடந்தன. இத்தகைய சொற்களைத் தொகுத்து யூல், பர்னெல் என்னும் இருவர் உருவாக்கிய 'ஹாப்சன்-ஜாப்சன்' அகராதி 1886இல் வெளிவந்தது.

இதை இங்கு எழுதக் காரணம் உண்டு. நம் பகுதிப் பெண் ஒருத்தி வேலைக்கான நேர்முகத் தேர்வில் 'கசின் பிரதர்' என்றாளாம். எதிரே இருந்தோர் நகைத்தனர். அன்றுமுதல் ஆங்கிலத்தில் வாய் திறக்கவே அவள் அஞ்சுகிறாள். அவள் செய்த பிழைதான் என்ன? பெரியப்பா மகன் நமக்கு அண்ணன்; மாமன் மகனோ அத்தான் அல்லது மச்சான். இவ்வேறுபாட்டை 'கசின்' என்ற ஒற்றைச் சொல் தாங்காது. ஆகவே இந்திய ஆங்கிலம் தனக்கு வேண்டிய சொல்லைத் தானே ஆக்கிக்கொண்டது.

ஆங்கிலேயர் மொழியும் ஒரே நிலையில் நின்றதன்று. ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்திய ஆங்கிலத்தை இன்றைய ஆங்கிலேயர் தனியே கற்றாலன்றிப் படிக்க இயலாது. ஒருவரை முன்னிலையில் விளிக்கும் 'தௌ' என்னும் பழஞ்சொல் பொதுவழக்கில் 'யூ' என்பதற்கு இடம் விட்டது. ஆயினும் செபங்களிலும், யார்க்ஷயர் போன்ற வட்டாரங்களின் பேச்சிலும் தங்கியது. நம்மிடமும் அவ்வாறே அன்றோ! பிற இடங்களில் அருகிவிட்ட 'நீர்', நம் செபங்களில் வாழ்கிறது, நெல்லைச் சீமையில் "எப்ப வந்தீரு?" என்ற கேள்வியிலும் வாழ்கிறது.

பெற்றோரே, பிள்ளைகள் பிழையின்றி ஆங்கிலம் கற்கட்டும். தேர்வுக்குரிய நடையையும் பயிலட்டும். ஆனால் ஊர்மணம் வீசும் பேச்சை எள்ளி நகையாடி, அவர்கள் நாவைக் கட்டிவிடாதீர்கள். திருத்தம் அன்போடு வந்தால் மொழி வளரும். ஏளனத்தோடு வந்தால் மௌனமே மிஞ்சும்.